வெளிச்சம் போதாத டார்ச்

அக்டோபர் 14, திங்கள்

நல்ல மழை. கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது அடிவாரத்துக்குப் பக்கத்து வளைவுகளில் தண்ணீர் ரோட்டுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. இடது வைப்பர் சரியாகத் துடைப்பதில்லை. மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும்.

நாமக்கல் ஷெட்டில் பஸ்ஸை விட்டுவிட்டு வெளியே வந்தால் ஊரே இருட்டு. கரண்ட் இல்லை. ஷெட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். அந்தச் சந்தில் சாக்கடைக்கு மேல் போட்டிருக்கும் கல்லை யாரோ நகர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. கால் உள்ளே போய்விட்டது. முழங்காலில் நல்ல சிராய்ப்பு. வீட்டுக்காரி பூங்கொடி மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாள்.

"கல்லு எப்பவும் கெடக்குற எடத்துலதானுங்க கெடக்குது" என்றாள். பகலில் பார்த்ததை வைத்துச் சொல்கிறாள்.

வீட்டில் இருப்பது கட்டை பேட்டரி போடும் பழைய டார்ச். தீக்குச்சி அளவுக்குத்தான் எரிகிறது. சார்ஜ் போடும் டார்ச் ஒன்று வாங்க வேண்டும். தினமும் அதற்கு வேலை இருக்காது. கரண்ட் போகும்போது, மழையில் வழியில் நின்று டயர் பார்க்கும்போது, அவ்வளவுதான். எப்போதாவது எடுக்கும் சாமானுக்கு ரொம்பச் செலவழிக்கவும் கூடாது, எடுக்கிற அன்றைக்கு வெளிச்சம் நன்றாக இருக்கவும் வேண்டும்.

அக்டோபர் 16, புதன்

டார்ச் விஷயத்தை மோனிஷா கையில் எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டாவது படிக்கிறவள். இயற்பியல் புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுவாள், இன்றைக்கு என் போனில் டார்ச்சுகளைப் பற்றிப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தாள். எத்தனை வாட் என்று பார்க்கக் கூடாதாம், எவ்வளவு வெளிச்சம், அதாவது எத்தனை லூமென்ஸ் என்று பார்க்க வேண்டுமாம். அதிலும் அட்டையில் போட்டிருப்பதை நம்பக் கூடாதாம். பாதிப் பேர் கூட்டித்தான் போடுகிறார்களாம்.

"ஒரே எடத்துல குவியற வெளிச்சம் நமக்கு வேண்டாங்கப்பா. பக்கத்துலயும் பரவோணும். போன் சார்ஜர்லயே சார்ஜ் ஏறோணும். மூணு மாசம் சும்மா வெச்சிருந்து எடுத்தாலும் எரியோணும்."

"சரி, அப்படியே வாங்கிரலாம்."

"ரெண்டா வாங்கிரலாங்களாப்பா?"

"எதுக்கு ரெண்டு? ஒரு வீட்டுக்கு ஒண்ணு பத்தாதா?"

சரி என்று எழுந்து போய்விட்டாள். வாங்கிக் கொடுத்தால் அதைப் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துப் போவாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாமே விளையாட்டு.

அக்டோபர் 20, ஞாயிறு

லீவு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அன்வர்பாய் கடையில் ஒரு டார்ச் வாங்கினேன். பிளாஸ்டிக் உடம்பு, கைக்கு அடக்கம். பக்கவாட்டில் ஒரு குட்டி டியூப்லைட் மாதிரியும் எரிகிறது. மோனிஷா சொன்ன எல்லாமே அதில் இருக்கிறது. விலையும் ஐந்நூறுக்குள் அடங்கிவிட்டது. "ஊட்டுக்கு இது தாராளமுங்க" என்றார் பாய்.

அக்டோபர் 22, செவ்வாய்

தாராளம் என்றார். ஒன்றும் தாராளம் இல்லை. சந்தில் அடித்துப் பார்த்தேன், தரையில் ஒரு தட்டம் அகலத்துக்கு வெள்ளையாக விழுகிறது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. பூங்கொடியை வெளியே கூப்பிட்டுக் காட்டினேன்.

"செவரு வரைக்கும் பளிச்சுனு தெரியுதுங்களே. அந்த மூலைல பூனை படுத்திருக்குது பாருங்க."

பூனையாம். நான் வெளிச்சத்தை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். அதற்குள் ஓடியிருக்கும்.

மோனிஷாவிடம் கொடுத்தேன். அவள் மெதுவாக ஒருமுறை சந்து முழுக்க அடித்துப் பார்த்தாள். "எனக்குப் பரவால்லீங்கப்பா. நல்லா இருக்குது" என்றாள். அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேறு பார்க்க வேண்டும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மத்தியானம் வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வந்துவிட்டேன். பொழுது சாய்ந்ததும் தெருவே வெடியும் மத்தாப்புமாக இருந்தது. போன வருஷம் மோனிஷாவை உள்ளே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த வருஷம் நிலைப்படியைத் தாண்டவில்லை. "சத்தம் புடிக்கல" என்கிறாள். பெரிய பெண்ணாகிவிட்டாள். நானும் உள்ளேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பூங்கொடிதான் பக்கத்து வீட்டுக்காரிகளோடு சேர்ந்து புஸ்வாணம் வைத்தாள். ஒவ்வொன்று கொளுத்திய பிறகும் திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3, ஞாயிறு

இரண்டாவது டார்ச். இரும்பு உடம்பு, முன்பக்கத்தை இழுத்தால் வெளிச்சம் குவியும், தள்ளினால் பரவும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தண்ணீர் டேங்க் வரைக்கும் எட்டுகிறது. டேங்க்கின் மேல் எழுதியிருப்பதைக்கூடப் படித்தேன். கண்ணில் ஏதாவது குறை இருந்தால் அவ்வளவு தூரம் படிக்க முடியுமா?

டேங்க்குக்குப் போகிற வழியில் கிடந்த சைக்கிளில்தான் இடித்துக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வீட்டில் சாமானையெல்லாம் இடம் மாற்றியிருக்கிறார்கள். நடுக்கூடத்தில் இருந்த முக்காலி இப்போது கட்டிலுக்குக் கீழே. குடம் அடுப்படி மூலையில். ஏன் என்று கேட்டால் கூட்டிப் பெருக்க வசதியாம்.

நவம்பர் 9, சனி

ஐந்து மணிக்கு மலைமேல் செம்மேட்டிலிருந்து கடைசி நடை. கோடையில் அடிவாரம் வரும்வரை நல்ல வெளிச்சம் இருக்கும். இந்த மாதம் பாதி வளைவு இறங்குவதற்குள் மசங்கிவிடுகிறது. இன்றைக்கு ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்பக்கம் தடுப்புச்சுவரில் உரசிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, பெயின்ட்தான். ஹெட்லைட் சரியில்லை. ஷெட்டில் மெக்கானிக்கைப் பிடித்துச் சத்தம் போட்டேன். போன வாரம்தான் புது பல்ப் மாட்டினேன் என்று சாதிக்கிறான்.

கண்டக்டர் வையாபுரி வர வரத் தொணதொணக்க ஆரம்பித்துவிட்டான். மலை இறங்கும்போது டிக்கெட் போடுவதை விட்டுவிட்டு முன்படியில் வந்து நின்றுகொள்கிறான். "லெப்ட்ல கல்லுங்ணா", "மாடு வருதுங்ணா", "ஒடிங்க ஒடிங்க, போதும்." இந்த மலையில் நான் வண்டி ஓட்ட ஆரம்பித்தபோது இவன் கால்சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவன். எனக்கு வழி சொல்கிறான்.

ஆனாலும் இன்றைக்கு அவனை அதட்டவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

ஒரு வாரமாகச் சாப்பாட்டில் முருங்கைக்கீரை. ஞாயிற்றுக்கிழமை ஈரல். நேற்று பப்பாளி. இன்றைக்கு மறுபடியும் கீரை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

"என்ன தெனமும் இதையே போட்டுட்டிருக்கற?"

"கண்ணுக்கு நல்லதுங்க."

"எங்கண்ணுக்கு என்ன?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கப்பாவுக்கும் மொதல்ல இப்படித்தானுங்க" என்று ஆரம்பித்தாள்.

நான் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அவள் அப்பா எனக்கும் தாய்மாமன்தான். அவருக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் மாட்டின் முதுகில் கைவைத்துக்கொண்டுதான் காட்டிலிருந்து வீடு வருவார். கடைசியில் பகலிலும் அப்படியே ஆகிவிட்டது. அவர் காலம் வேறு. சத்தான சாப்பாடு இல்லாத காலம். எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது டாக்டர் போர்டைப் படிக்கச் சொன்னார், கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

நவம்பர் 18, திங்கள்

மோனிஷா சாயங்கால டியூஷனை நிறுத்திவிட்டாள். ஏன் என்றால் சரியாக நடத்துவதில்லையாம். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவள் இப்படிச் சோம்பேறித்தனம் பண்ணினால் எப்படி? திட்டினேன். அழுதாள். பூங்கொடி நடுவில் வந்து, "உடுங்க, பகல்ல போற டியூஷனாப் பாத்துக்கலாம்" என்றாள்.

நவம்பர் 22, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை.

நவம்பர் 23, சனி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கடைசி நடை. பாதி மலை இறங்கியாயிற்று. தூறல். எதிரே வண்டி எதுவும் இல்லை, ரோடு காலியாக இருந்தது. காலியாக இருந்தது என்றுதான் எனக்குத் தெரிந்தது. வையாபுரி "அண்ணா!" என்று கத்திய சத்தத்தில் என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டிக்குள் எல்லோரும் முன்சீட்டில் போய் மோதினார்கள். இறங்கிப் பார்த்தால் விறகுக்கட்டு ரோடு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது. ஒரு பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். என் அம்மா வயது இருக்கும். முன்பம்பருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடமில்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "ஓரமாத்தான சாமி வந்தேன், வெள்ளச்சீலதான கட்டியிருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆமாம், வெள்ளைச் சேலைதான். ஹெட்லைட்டுக்கு நேராக நிறுத்தி வைத்த மாதிரி வந்திருக்கிறாள்.

வையாபுரி விறகைப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தான். நான் ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்தேன். அடிவாரம் வரும்வரை அவன் படியில் நின்று வழி மட்டும் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொன்னபடியே ஓட்டினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அன்வர்பாய் கடைக்குப் போனேன். இருப்பதிலேயே பெரியதைக் காட்டச் சொன்னேன். தோளில் மாட்டிக்கொள்ளும் வாருடன் ஒன்றை எடுத்து வைத்தார். காட்டில் பன்றி விரட்டுகிறவர்கள் வாங்குவதாம். கடைக்குப் பின்னால் இருக்கும் கிடங்குக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு அடித்துக் காட்டினார். எதிர்ச்சுவரில் அட்டைப்பெட்டிகள் துலக்கமாகத் தெரிந்தன.

"எப்படிங்க?"

"சுத்திலும் ஒண்ணுந் தெரியலீங்களே பாய்."

"ரூமே பகலாட்டம் கெடக்குதுங்க" என்றார். அவர் குரல் பக்கத்தில் கேட்டது. ஆள் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. "இதுக்கு மேல பெருசு வேணும்னா ஜெனரேட்டர்தானுங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வண்டியில் என் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நவம்பர் 28, வியாழன்

இன்றைக்கு வண்டியை நிறுத்திவிட்டேன்.

செம்மேட்டில் கிளம்பும்போதே வானம் மூடிக்கிடந்தது. சந்தை நாள். வண்டி நிறையக் கூட்டம், கூரை மேல் வாழைத்தார், உள்ளே மிளகு மூட்டைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு பெண், கல்யாணத்துக்குப் போகிறவர்கள். மேல் வளைவுகளில் ஒருமாதிரி சமாளித்தேன். பாதி இறங்கியதும் மூடுபனி. எல்லா டிரைவருக்கும்தான் மூடுபனி. ஆனால் மற்றவர்களுக்கு வெள்ளையாகத் தெரியும், எனக்குக் கறுப்பாக இருந்தது. ஓரக்கல், சுவர், பள்ளம் எதுவும் இல்லை.

வையாபுரி பெரிய டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். "நான் முன்னால நடக்கறனுங்ணா. வெளிச்சத்தப் பாத்துட்டே மெல்ல வாங்க."

நடந்தான். அந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்தது. தூரத்தில் ஒரு பொட்டு மாதிரி ஆடிக்கொண்டு போனது. அவன் தெரியவில்லை. அவன் கால் வைத்த ரோடு தெரியவில்லை. வளைவில் திரும்பியதும் பொட்டும் போய்விட்டது. அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறேனா, அவன் மேலேயே ஏற்றப்போகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். இன்ஜினை அணைத்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், "என்னப்பா, வண்டில என்ன ரிப்பேரு?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எனக்குக் கண்ணு தெரியலீங்க."

இதை நான் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. பூங்கொடியிடம் சொல்லவில்லை, இந்த டைரியில்கூட எழுதவில்லை. முகம் தெரியாத அத்தனை பேரிடம் சொன்னேன்.

பிறகு அதே ஆள், "இத்தன நாளா இப்படித்தான் ஓட்டுனியாய்யா?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

கைக்குழந்தைக்காரி எழுந்து இறங்கினாள். தூறலில் நனையாதே அம்மா, உள்ளே உட்கார், வண்டிதான் நிற்கிறதே என்று வையாபுரி கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. குழந்தைமேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு சுவர் ஓரத்தில் நின்றாளாம், வையாபுரி பிறகு சொன்னான். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் உட்காரக்கூட அவளுக்குப் பயம். நான் அதில் உட்கார்ந்திருக்கிறேனே.

பின்னால் வந்த வேறொரு பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டது. முதலாளிக்கு வையாபுரிதான் போன் செய்தான். ஸ்பேர் டிரைவர் அடிவாரத்திலிருந்து பைக்கில் வந்தான். நான் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிப் பயணிகள் சீட்டில் உட்கார்ந்தேன். எங்கே திரும்புகிறோம், எங்கே பள்ளம், எங்கே பிரேக் போட வேண்டும் என்று என் உடம்புக்குத் தெரிந்தது. கால் மட்டும் சும்மா கிடந்தது.

வையாபுரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "நான் முன்னமே சொல்லியிருக்கோணுங்ணா. உங்க பொழப்பு போயிருமேன்னு பாத்தேன். அந்த வெறகுக்காரம்மா செத்திருந்தா எனக்கும் பாதிப் பாவமுங்ணா" என்றான். நான் அவன் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

ஷெட்டுக்குப் போகவில்லை. பூங்கொடியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியுமுங்க" என்றாள்.

டிசம்பர் 4, புதன்

கோயம்புத்தூரில் கண் ஆஸ்பத்திரி. மூன்று பேரும் விடிந்தவுடன் பஸ் ஏறினோம். மோனிஷாவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்றேன், நானும் வருவேன் என்று பிடிவாதம்.

சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பிறகு ஒரு எந்திரத்தின் முன்னால். கிண்ணம் மாதிரி இருக்கிறது, அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நடுப்புள்ளியையே பார்க்க வேண்டும். ஓரங்களில் சின்னச் சின்னதாக வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். நான் காத்திருந்தேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். "அண்ணா, தூங்கிட்டீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள். பரிசோதனை பாதி முடிந்துவிட்டதாம்.

டாக்டரம்மா இளம் வயது. பொறுமையாகச் சொன்னார். விழித்திரையில் இருக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேலையை நிறுத்திவிடுகின்றனவாம். இருட்டில் பார்ப்பது முதலில் போகும், அப்புறம் ஓரங்கள், கடைசியாக நடு. நேரே இருப்பது இன்னும் தெரிவதால்தான் போர்டையெல்லாம் படித்திருக்கிறேன். குழாய்க்குள் பார்ப்பது போல.

"கீரை, ஈரலெல்லாம் சாப்பிட்டா சரியாகுங்களா?" என்று பூங்கொடி கேட்டாள்.

"சத்துக்குறைவால வர்ற மாலைக்கண் வேறம்மா. இது பரம்பரையா வர்றது. குணமாக்கறதுக்கு இப்போதைக்கு மருந்து இல்ல. இனி இவர் வண்டி ஓட்டக் கூடாது, டூவீலர்கூட. உங்க கல்யாணம் சொந்தத்துலயா?"

"தாய்மாமன் பொண்ணுங்க" என்றேன்.

"அவங்க வீட்டுல யாருக்காவது?"

"எங்கப்பாவுக்குங்க" என்றாள் பூங்கொடி.

டாக்டர் எழுதிக்கொண்டார். "குழந்தைங்க எத்தன பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்றுகொண்டிருந்த மோனிஷா முன்னால் வந்தாள்.

"எனக்கும் பாத்துருங்க மேடம்."

"உனக்கெதுக்கு சாமி?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரின் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கும் பொழுதானா சரியாத் தெரியறதில்லீங்கப்பா. பதினொண்ணாவது முழுப்பரீட்சை சமயத்துலருந்தே. டியூஷன் உட்டு வர்றப்ப ரெண்டு தடவ உழுந்துட்டேன்."

"ஏஞ் சொல்லல?"

"நீங்களும் சொல்லலீங்களே."

அவளுக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். அவளும் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தாள். நாங்கள் இருவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது, பட்டன் அமுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. டிக், டிக். ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு மூச்சு வந்தது. சத்தம் நின்ற இடங்களில் பூங்கொடி என் முழங்கையை இறுக்கினாள். சில இடங்களில் வெகுநேரம் நின்றிருந்தது.

அவளுக்கும் இருக்கிறது. ஆரம்பம்தான் என்றார் டாக்டர். பகல் பார்வை இன்னும் ரொம்ப வருஷம் நன்றாக இருக்கலாம், ஆளுக்கு ஆள் வேறுபடும், வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும், ஆராய்ச்சிகள் நடக்கின்றன, நம்பிக்கையை விட வேண்டாம். இவ்வளவும் சொன்னார். நல்ல மனுஷி. ஆனால் ஆரம்பம் என்ற ஒரு வார்த்தைதான் எனக்குக் காதில் நின்றது.

டிசம்பர் 6, வெள்ளி

அன்றைக்கு ரெண்டு டார்ச் வாங்கலாமா என்று கேட்டாள். விளையாட்டு என்று இதே டைரியில் எழுதியிருக்கிறேன். டியூஷனை விட்டதற்குத் திட்டினேன், அதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

பூங்கொடி யாரிடமும் பேசுவதில்லை. சமைக்கிறாள், துவைக்கிறாள். மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்திவிட்டு, "எங்கப்பன் எனக்குக் குடுத்தனுப்புன சீரு இதுதானுங்களா?" என்றாள்.

"ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வருமுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல. எங்கம்மா வழியாவும், எங்கப்பன் வழியாவும் வந்ததுதான் எனக்கு. உன்ற அப்பனை மட்டும் ஏன் சொல்ற?"

"எனக்கு மட்டும் ஒண்ணுமில்லீங்களே. எனக்கு வந்திருக்கலாமில்ல. அவளுக்கு வராம எனக்கு வந்திருக்கலாமில்ல."

மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தேன். மாற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. அவள் எழுந்து வந்து சரிசெய்தாள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். தெரு முழுக்க விளக்கு. எனக்கும் எல்லாச் சுடரும் தெரிகிறது. ஏற்றுகிறவர்கள்தான் தெரிவதில்லை. இருட்டில் சுடர்கள் தானாக ஒவ்வொன்றாக முளைக்கிற மாதிரி இருக்கிறது.

மோனிஷா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நர்சிங் வேண்டாம், பி.காம் சேரப் போகிறேன் என்றாள்.

"உனக்கு அதுதான சின்ன வயசுலருந்து ஆச?"

"நைட் டூட்டி பாக்க முடியாதில்லீங்கப்பா. யாருக்காவது ஊசிய மாத்திப் போட்டுட்டன்னா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அந்த விறகுக்காரம்மாவின் வெள்ளைச் சேலை ஞாபகம் வந்தது. நான் நவம்பர் வரைக்கும் இழுத்தடித்ததை, இந்தப் பெண் பதினேழு வயதில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் தலையில் கை வைத்தேன். முதலில் காதில்தான் பட்டது. சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

ஜனவரி 2, வியாழன்

முதலாளி வரச் சொல்லியிருந்தார். மலையில் நடந்ததற்கு மனம்விட்டுத் திட்டினார். திட்டட்டும், அவர் வண்டி, அவர் பேர். எல்லாம் திட்டி முடித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் டைம் ஆபீஸில் உட்காரச் சொன்னார். பகல் வேலை. வண்டிகள் வருவதையும் போவதையும் குறிக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கிளம்பிவிடலாம்.

வையாபுரி வந்து டீ வாங்கிக் கொடுத்தான். மலைக்குப் போகும் வண்டி கிளம்பியபோது புது டிரைவர் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தான். நேரத்தை எழுதிக்கொண்டேன்.

ஜனவரி 9, வியாழன்

பூங்கொடி மொபெட் பழகுகிறாள். அவளாகவேதான் கேட்டாள். விடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போகிறோம். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறேன். பிரேக்கைப் பிடி என்றால் ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறாள். நேற்று இருவரும் சேர்ந்து கோல்போஸ்ட்டில் போய் மோதினோம். தீபாவளிக்குப் பிறகு நேற்றுத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மோகனூரில் என் தங்கை வீட்டுக்குப் போய்வந்தோம். பூங்கொடி ஓட்ட, மோனிஷா நடுவில், நான் கடைசியில். இவ்வளவு காலத்தில் நான் பின்னால் உட்கார்ந்து பூங்கொடி ஓட்டிப் போவது இதுதான் முதல் தடவை. போகும்போது நன்றாகவே ஓட்டினாள்.

தங்கை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று பிடித்து வைத்துக்கொண்டதில் கிளம்ப நேரமாகிவிட்டது. பாதி வழியில் சூரியன் மறைந்தது. பூங்கொடி வேகத்தைக் கூட்டினாள். மொபெட் உதற ஆரம்பித்தது.

"எதுக்கு இவ்வளவு வேகம்?" என்று கத்தினேன்.

"இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேந்தறலாமுங்க."

"மெதுவாவே போ. இருட்டுனாலும் உனக்குத் தெரியுமல்ல."

கொஞ்ச தூரம் போனதும் வண்டி மெதுவாயிற்று. மோனிஷா அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். நான் மோனிஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்த வண்டிகளில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு நடுவில் இருந்த ரோடு, மரம், வயல் எல்லாம் ஒவ்வொன்றாக எனக்கு இல்லாமல் போயின.

பூங்கொடி விளக்கைப் போடவில்லை. சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவளே போட்டுவிட்டாள்.